திருப்புளியைத் தொலைத்தவர்கள்

“அண்ணாச்சி, இதை இனி ஒண்ணும் செய்ய முடியாது. ஆக்கர் கடையில போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிருங்க.”

இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். மிக்ஸிக்குக் கேட்டிருப்பீர்கள். டேபிள் ஃபேனுக்குக் கேட்டிருப்பீர்கள். செல்போனுக்குக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருக்கும். ஆக்கர் கடை என்பது எங்கள் நாகர்கோவில் பாஷை. சென்னைக்காரர்கள் காயலான் கடை என்பார்கள். பெயர்தான் வேறு. அங்கே போய்ச் சேரும் சாமான் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதில் பலதும் சாகாமலே சுடுகாட்டுக்கு வந்தவை.

சமீபத்தில் இந்தத் தீர்ப்பை வாங்கியது ஒரு தூண்டில் ரீல். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருடையது. ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் அவருடைய மச்சான் சவுதியிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்த ‘பென்’ ரீல். சாயங்காலம் ஆனால் மணக்குடிப் பொழிமுகத்துக்கோ முட்டத்துக்கோ போய் நின்றுவிடுவார். பாரை கிடைத்தால் பாரை, கிடைக்காவிட்டால் காற்று. அந்த ரீல் ஒருநாள் நின்றுபோனது. கைப்பிடியைச் சுற்றினால் நரநரவென்று சத்தம், கயிறு ஏறவில்லை. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைப் பையன் திருப்பிப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான், மேலே எழுதியிருக்கும் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, பளபளவென்று ஒரு புது ரீலை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

கவனித்தீர்களா? திருப்பிப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான். திறந்து பார்க்கவில்லை.

நான் சண்டை போட வந்திருப்பது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

நம் பாஷையில் இந்த வேலைக்குப் ‘பழுது பார்ப்பது’ என்று பெயர். பழுதை நீக்குவது, ஒழிப்பது, மாற்றுவது என்றெல்லாம் சொல்லவில்லை. பார்ப்பது. வைத்தியம் பார்ப்பது, வழக்குப் பார்ப்பது, பெண் பார்ப்பது மாதிரி. முதலில் பார். எங்கே நோவு என்று கண்டுபிடி. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும் என்று தெரிந்த ஆட்கள் உண்டாக்கிய சொல் அது. இன்றைக்கு ‘சர்வீஸ்’ என்ற சொல் வந்துவிட்டது, பார்ப்பது போய்விட்டது.

அந்த ரீலைப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் வைத்துத் திறந்தோம். தரையில் ஒரு பழைய வெள்ளை வேட்டி. சின்ன ஸ்பிரிங் தெறித்து விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. பக்கத்தட்டின் திருகுகளைக் கழற்றினால் மொத்தச் சமாச்சாரமும் கைக்கு வந்துவிடுகிறது. ராக்கெட் ஒன்றும் இல்லை. கைப்பிடி ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். அது ஒரு சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றும். அது கயிறு சுற்றியிருக்கும் உருளையைச் சுற்றும். ஒரு நெம்புகோலைத் தட்டினால் சின்னச் சக்கரம் உருளையை விட்டு விலகும். உருளை தன்பாட்டுக்கு ஓடும், ஈயக்குண்டு தூரமாகப் போய் விழும். திரும்பத் தட்டினால் வந்து கவ்விக்கொள்ளும். கைப்பிடி பின்னோக்கி ஓடாமலிருக்க ஒரு குட்டித் தடுப்பு நாக்கு, அதைத் தள்ளிப் பிடிக்க மயிர் போல ஒரு ஸ்பிரிங்.

இதில் உண்மையான புத்திசாலித்தனம் பெரிய சக்கரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. தோசை அடுக்கின மாதிரி ஒரு உலோகத் தட்டு, ஒரு தோல் தட்டு, மறுபடி உலோகம், மறுபடி தோல். கைப்பிடிக்கு அடியிலிருக்கும் நட்சத்திர வடிவத் திருகை முறுக்கினால் அடுக்கு இறுகும், தளர்த்தினால் நெகிழும். பெரிய மீன் இழுக்கும்போது கயிறு அறுந்துபோகாமல், உராய்ந்து உராய்ந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். எங்கே இழுத்துப் பிடிக்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்த அடுக்கு. நம் குடும்பங்களில் இப்படி ஒரு வாஷர் இருந்தால் வக்கீல்களுக்கு வேலை குறையும்.

நோய் என்ன? மூன்று. ஒன்று, உப்புக்காற்று ஏறிப் பித்தளைச் சக்கரத்தின் பல்லிடுக்கெல்லாம் பச்சைக் களிம்பு. நரநர சத்தம் அதுதான். இரண்டு, தோல் வாஷர்கள் காய்ந்து கருவாடாகி, பிடிப்பு போயிருந்தது. கைப்பிடி சுற்றியும் கயிறு ஏறாததற்குக் காரணம் அது. மூன்று, தடுப்பு நாக்கின் ஸ்பிரிங் துருப்பிடித்து இரண்டாக ஒடிந்திருந்தது. இவ்வளவுதான். இதற்காகத்தான் நாற்பது வருஷச் சாமானுக்கு மரண சர்ட்டிஃபிகேட் எழுதியிருக்கிறார்கள்.

வைத்தியம்? களிம்புக்கு மண்ணெண்ணெயும் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷும். வாஷருக்குக் கோட்டாறில் செருப்புத் தைக்கிற ஒருவர். பழைய வாஷரைத் தோலின் மேல் வைத்துக் கோடு போட்டு, உளியால் வெட்டிக் கொடுத்தார். “மீன் கிடைச்சா ஒண்ணு எனக்கும் கொண்டு வாங்க அண்ணாச்சி” என்றார். ஸ்பிரிங்குக்கு, பக்கத்து வீட்டுப் பையன் சர்ச் கொயரில் கிட்டார் வாசிப்பவன். அறுந்துபோன அவனுடைய கிட்டார்க் கம்பியில் ஒரு துண்டு. அது ஸ்டெயின்லெஸ் இல்லை, மறுபடி துருப்பிடிக்கும்தான். பிடிக்கட்டும். மறுபடி ஒரு துண்டு வெட்டிப் போட்டால் ஆயிற்று. வழி தெரிந்துவிட்டதே!

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு ரீல் கிடக்கலாம். வளைகுடாவுக்கு ஆள் போன மாவட்டம் இது. ஆகவே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். உருளை சுற்றவே மாட்டேன் என்றால் உடனே பயப்படாதீர்கள். மெல்லிய தங்கூசி நூல் உருளைக்கும் பக்கத்தட்டுக்கும் நடுவில் புகுந்து சிக்கியிருக்கும். பழைய ரீல்களில் பேக்லைட் உருளை இருந்தால், தங்கூசியை இழுத்து இறுக்கிச் சுற்றாதீர்கள். நைலான் நீளும், பிறகு சுருங்கும். அந்த நெருக்கலில் உருளை வெடித்துவிடும். கைப்பிடி பின்னோக்கியும் ஓடினால் தடுப்பு நாக்கைப் பாருங்கள். மீன் இழுக்கும்போது கயிறு விட்டு விட்டு வெட்டி வெட்டிப் போனால் வாஷர் அடுக்கைப் பாருங்கள். அந்த அடுக்கில் கண்ட எண்ணெயை விடாதீர்கள், பிடி வழுக்கிவிடும்.

கழற்றும்போது வரிசையாக வையுங்கள், செல்போனில் ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் திருகும் ஒரே நீளம் இல்லை. எது எங்கே இருந்தது என்று குறித்து வையுங்கள். திரும்பப் பூட்டும்போது திருகை முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். ‘டிக்’கென்று மரையில் உட்காரும். அதற்கப்புறம் வலப்பக்கம். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசியில் வேட்டியில் ஏதாவது மிச்சம் கிடந்தால், ‘இது தேவையில்லாத பார்ட்’ என்று முடிவு கட்டாதீர்கள். எந்தக் கம்பெனியும் தேவையில்லாத ஸ்பிரிங்கை உள்ளே வைத்து விற்காது.

சரி, இதெல்லாம் ஒரு மீன்பிடிப் பைத்தியத்தின் பொழுதுபோக்கு, இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது.

அந்த ரீலை நாற்பது வருஷம் கழித்துத் திண்ணையில் வைத்துத் திறக்க முடிந்ததற்கு எங்கள் கைராசி காரணமில்லை. 1932-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டோ ஹென்சே என்ற ஜெர்மானியர் தொடங்கிய கம்பெனி அது. அவர்களுடைய ரீல்களில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நம்பர். ரீலோடு ஒரு தாள். அதில் ரீலைப் பிரித்துப் போட்ட படம், எந்த உறுப்பு எங்கே என்று கோடு, பக்கத்தில் நம்பர். கெட்டுப்போனதன் நம்பரைச் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள். ‘இந்தச் சாமான் ஒருநாள் கெடும், அன்றைக்கு இதை நீ திறப்பாய்’ என்று விற்கும்போதே ஒப்புக்கொண்ட மரியாதை அது. வாங்குகிறவனைக் கையுள்ள மனுஷனாக மதித்த மரியாதை.

இன்றைக்கு மேஜைமேல் வைக்கப்படும் மலிவு ரீல்களில் அந்தத் தாளைத் தேடிப் பாருங்கள். தாள் இருக்கும். ‘திறந்தால் வாரண்டி செல்லாது’ என்று எழுதியிருக்கும்.

ரீலை விடுங்கள். உங்கள் வாஷிங் மெஷின் நின்றால் என்ன நடக்கிறது? போன் பண்ணினால் ஒரு தம்பி பைக்கில் வருகிறார். முன்னூறோ நானூறோ வந்து போன காசு. பார்க்கிறார். “போர்டு போச்சு சார்.” போர்டில் என்ன போச்சு? அது அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு அனுமதி இல்லை. போர்டுக்கு ஒரு விலை சொல்கிறார், பக்கத்திலேயே எக்ஸ்சேஞ்ச் ஆஃபரும் சொல்கிறார். நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்துப் புதுசு வாங்குகிறீர்கள். உள்ளே போனது ஒருவேளை பத்து ரூபாய் கப்பாசிட்டராக இருக்கலாம். அதை மாற்றத் தெரிந்த, ஒரு மேஜையும் சால்டரிங் இரும்பும் வைத்து உட்கார்ந்திருந்த ரேடியோ மெக்கானிக்குகள் நம் ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள்! காயில் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு வேலை தெரியாமல் போகவில்லை. வரைபடம் தரமாட்டேன், உதிரி பாகம் விற்கமாட்டேன் என்று கதவைச் சாத்தித்தான் அவர்களை வெளியே தள்ளினார்கள்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால், 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் என்ன செய்தது என்று பாருங்கள். உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளியே உள்ள ஒர்க்‌ஷாப்களுக்குக் கொடுக்காமல் மடக்கி வைத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது. கொஞ்சநஞ்சமில்லை, சுமார் 2,544 கோடி ரூபாய். வழக்கு அப்புறம் மேலே மேலே போனது. நம் நாட்டில் போகத்தானே செய்யும். ஆனால், உதிரி பாகத்தை ஒளித்து வைப்பது ஒரு வியாபார தந்திரம் என்று ஓர் அரசு அமைப்பே எழுதி வைத்தாகிவிட்டது.

பிரான்சில் செல்போன், லேப்டாப், டி.வி., வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கடையில் ஒட்ட வேண்டும் என்று 2021 ஜனவரியில் விதி கொண்டுவந்தார்கள். எவ்வளவு சுலபமாகத் திறக்கலாம், உதிரி பாகம் கிடைக்குமா, என்ன விலை என்பதற்கெல்லாம் சேர்த்து மார்க். 2024-ல் ஐரோப்பிய யூனியன், பழுது பார்த்துக் கொடுப்பதைக் கம்பெனிகளின் கடமையாக்கிச் சட்டமே கொண்டுவந்தது. நம் ஊரில்? 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஓர் இணையதளம் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நாலு துறை. 2024-ல் மார்க் போடும் முறைக்கு ஒரு குழு போட்டார்கள். 2025-ல் குழு அறிக்கை கொடுத்தது. நல்லது. ஆனால் இணையதளம் திறப்பது வேறு, மிஷினைத் திறக்க விடுவது வேறு. முதலாவதற்கு ரிப்பன் வெட்டினால் போதும். இரண்டாவதற்குக் கம்பெனிகளின் கையைப் பிடித்து முறுக்க வேண்டும்.

‘வாங்குகிறவனுக்கு அவ்வளவு நேரம் எங்கே இருக்கிறது? நேரம்தானே காசு?’ என்று கேட்கும் கூட்டம் ஒன்று உண்டு. ஐயா, உங்கள் கையால் திறக்கச் சொல்லி யார் கட்டாயப்படுத்துகிறார்கள்? திறக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கும் வழியைத்தான் அடைக்காதே என்கிறோம். உங்களுக்குச் சட்டை தைக்கத் தெரியாது. அதற்காக ஊரில் டெய்லரே இருக்கக் கூடாது என்று சட்டமா போட்டிருக்கிறோம்?

‘புதுசுதான் நல்லது, பழசைக் கட்டிக்கொண்டு அழுதால் முன்னேற முடியுமா?’ என்பது இன்னொரு கட்சி. இதற்குப் பதிலைக் கடற்கரையில்தான் தேட வேண்டும். எங்கள் மாவட்டத்துக் கரையில் கட்டுமரத்தை விட்டுப் பிளைவுட் வள்ளத்துக்கு மாறியவர்கள் எண்பதுகளிலேயே மாறினார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே முட்டத்தில் மீனவர்களோடு சேர்ந்து உருவாக்கிய வள்ளங்கள் அவை. அவுட்போர்டு எஞ்சின் வந்தபோதும் மாறினார்கள். புதுசுக்கு எதிராக யாரும் கொடி பிடிக்கவில்லை. ஆனால் எஞ்சினோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. ‘சிஃப்ஸ்’ என்ற மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு எஞ்சினைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அதைப் பழுது பார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. கரையோரப் பையன்கள் மெக்கானிக்குகளானார்கள். எஞ்சின் எங்களுடையது, அதைத் திறக்கும் கையும் எங்களுடையது. அதற்குப் பெயர்தான் முன்னேற்றம்.

நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? பிளக்கைக் கழற்றித் துடைப்பார்கள், கார்புரேட்டரை ஊதுவார்கள், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகாவிட்டால் காற்று கொண்டுபோகிற திசையில்தான் வள்ளம் போகும். இன்றைக்கு வருகிற கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின்களுக்குப் புகை குறைவு, எண்ணெயும் மிச்சம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் பழுது என்னவென்று பார்க்கவே கம்பெனியின் லேப்டாப் வேண்டும் என்றால், கரையிலிருந்து இருபது மைல் தூரத்தில் லேப்டாப் எங்கிருந்து வரும்? வீட்டில் மிக்ஸி திறக்காவிட்டால் சட்னி இல்லை, பொடி தொட்டுக்கொள்ளலாம். கடலில் எஞ்சின் திறக்காவிட்டால் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. எந்தப் பொருளை யார் திறக்கலாம் என்பது சில பேருக்கு உயிர்ப் பிரச்னை.

எங்கள் ஊர் நடுவில் மணிமேடை நிற்கிறது. 1893-ல் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் வைத்த கடிகாரம். சங்கிலியிலும் எடையிலும் ஓடுவது. அதைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளே போய்ச் சேர்ந்திருப்பார்கள். கடிகாரம் நிற்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் ஏணியில் ஏறி, திறந்து, பார்த்து, எண்ணெய் போட்டு விட்டிருக்கிறார். அப்படித்தான் அது நூற்றாண்டு தாண்டியது. அதன் கீழே நின்றுகொண்டு, இரண்டு வருஷத்தில் பேட்டரி செத்த, பசை போட்டு ஒட்டிய, திறக்க முடியாத போனில் நாம் மணி பார்க்கிறோம்.

இத்தனைக்கும் நம் மாவட்டத்தில் இன்ஜினீயரிங் காலேஜுக்குப் பஞ்சமா? கோணத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பிள்ளைகளைக் காலேஜில் சேர்க்கக் கடன் வாங்குகிறோம். அந்தப் பிள்ளை வீட்டில் மிக்ஸியைத் திறந்தால், “எடே, அதைத் தொடாதே, கெட்டுப்போகும்” என்று கத்துகிறோம். ஏற்கெனவே கெட்டுப்போனதை இன்னும் எப்படியப்பா கெடுப்பது? பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். கரன்ட் உள்ள சாமானில் கப்பாசிட்டர் போன்றவை பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கடிக்கும். அதைத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுங்கள். சைக்கிளும் தையல் மிஷினும் தூண்டில் ரீலும் கடிக்காது. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

ஆகவே உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: “இது கெட்டா யாரு பாப்பா? பார்ட் எத்தனை வருஷம் கிடைக்கும்?” பதில் சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். நூறு பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். இரண்டு, உங்கள் தெருவில் இன்னும் ஒரு மெக்கானிக்கோ, காயில் கட்டுகிறவரோ, தையல் மிஷின்காரரோ மிச்சமிருந்தால் அவரிடம் பேரம் பேசாதீர்கள். ஷோரூமில் பேசாத பேரத்தை அவரிடம் போய் என்ன பேச்சு? மூன்று, வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோடு, தண்ணீரோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: காசு கொடுத்து நான் வாங்கின சாமானின் வரைபடத்தையும் உதிரி பாகத்தையும் எனக்குக் கொடுக்கச் சொல்லிச் சட்டம் எப்போது வரும்?

திறக்க முடியாத பொருளுக்கு நீங்கள் சொந்தக்காரர் இல்லை. மொத்த வாடகையையும் முன்கூட்டியே கட்டிய குடித்தனக்காரர். அந்த வீட்டில் ஆணி அடிக்கக்கூட உங்களுக்கு உரிமை கிடையாது. வீட்டுக்காரன் எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லுவான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு திருப்புளி வாங்குங்கள். ஐம்பது அறுபது ரூபாய்தான் ஆகும். பரணிலிருந்து எதையாவது இறக்குங்கள். பாருங்கள்.